அறுபத்திரண்டு ஒப்புதல் கையெழுத்துகள்

1

போன மாதம் ஒரு புதன்கிழமை, என் மகள் யாழினி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படிவத்தோடு வந்தாள். இந்த ஊரில் அது செய்தியே அல்ல. பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிப்போக ஒரு படிவம், மதியச் சாப்பாட்டில் நிலக்கடலை இல்லை என்று சத்தியம் செய்ய ஒரு படிவம், பனி அதிகமானால் பிள்ளையை யார் வந்து அழைத்துப்போவார் என்று ஒரு படிவம். வின்னிபெக்குக்கு வந்த பதினான்கு வருஷத்தில் நான் கையெழுத்துப் போட்ட தாள்களை வரிசையாக ஒட்டினால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை போகும். திரும்பி வருவதற்கும் கொஞ்சம் மிஞ்சும்.

இந்தப் படிவம் சமூகப் பாடத்துக்கானது. தேர்தலில் நின்ற ஒருவரை ஒவ்வொரு பிள்ளையும் பேட்டி எடுக்க வேண்டும். பேட்டி கொடுப்பவர் சம்மதம் என்று கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும்.

"அப்பா, எலெக்‌ஷன்ல நின்ன யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

தேர்தல்களையும் கட்சிகளையும் சட்டமன்றங்களையும் பற்றிப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்குகிறவனைப் பார்த்து இந்தக் கேள்வி. "இந்த ஊர் நகரசபை உறுப்பினர் ஒருவருக்கு எழுதிப் பார்க்கலாம்" என்றேன்.

சமையலறையிலிருந்து மல்லிகாவின் குரல் வந்தது. என் மனைவிக்குச் சொந்த ஊர் குன்றத்தூர். எதையும் குன்றின் மேல் நின்று சொல்வதுபோல்தான் சொல்வாள். "ஏன், சரோஜா அண்ணி நிக்கலையா? உங்க அக்காதானே அவங்க?"

"அத்தையா? சரோஜா அத்தை எலெக்‌ஷன்ல நின்னாங்களா? யாருமே எங்கிட்ட சொல்லலையே!"

உண்மைதான். மூன்று நாட்டுக் கருத்தரங்குகளில் சொல்லியிருக்கிறேன். வீட்டில் சொல்லவில்லை.

2

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பது ஊரில் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. பிள்ளைப்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அக்கா வீட்டுக்காரர், மாமா, கம்பெனி வேன் ஓட்டுகிறார். ஷிப்டுக்கு ஆள் ஏற்றி இறக்குவது அவர் தொழில். அவர் ஒருமுறை நேராகவே கேட்டார்.

"எலெக்சனைப் பத்திப் படிக்க இன்னாத்துக்கு மாப்ள கனடா போவணும்? நம்ம டீக்கடையில நாலு நாளு குந்தினா போதாதா?"

இருபது பக்கக் கட்டுரையில் நான் சொல்லும் பதிலைவிட அந்தக் கேள்வி கெட்டியானது. சிரித்துச் சமாளித்தேன். இன்னும் சில உறவினர்கள் நான் எந்தக் கட்சி என்று கேட்பார்கள். எந்தக் கட்சியும் இல்லை என்றால், அப்புறம் யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கவலைப்படுவார்கள்.

ஊரில் நான் கடைசியாக ஓட்டுப் போடப் போனபோது வாக்காளர் பட்டியலில் என் பெயர் இல்லை. செத்துப்போய் ஆறு வருஷமான பெரியப்பாவின் பெயர் இருந்தது. இங்கே குடியுரிமை வாங்கிய பிறகு அந்த ஓட்டும் கணக்கு முடிந்தது. ஆக, தமிழ்நாட்டுத் தேர்தல்களில் நிபுணன் என்று பெயரெடுத்த நான் அங்கே போட்ட மொத்த ஓட்டு ஒன்று. அதுவும் செல்லாத ஓட்டாகியிருக்கும் என்று அக்கா சொல்வாள். சீட்டைத் தப்பாக மடித்தேனாம்.

3

நாலு வருஷத்துக்கு முன், இரண்டாயிரத்து ஒன்றில், தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. எனக்குப் பணி நிரந்தரம் ஆகாத காலம். நிலம் கைமாறும் ஊர்களில் தேர்தல் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்து எழுதினால் நிரந்தரம் ஆகும் என்று துறைத்தலைவர் சாடையாகச் சொன்னார். கம்பெனிகள் வந்து, வயல் பிளாட்டாகி, பிளாட் மறுபடி கம்பெனியாகும் ஊர் வேண்டும். எனக்கு அதைத் தேடவே வேண்டியதில்லை, அதில்தான் பிறந்திருந்தேன்.

ஆனால் மனிதர்களிடம் கேள்வி கேட்பதென்றால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். பேட்டி கொடுக்கும் ஒவ்வொருவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எழுதப் படிக்கச் சிரமப்படும் இடங்களில் வாய்ச்சம்மதமே போதும் என்று விலக்குக் கேட்கலாம். கேட்பதற்குத் தனிப் படிவம், இன்னும் இரண்டு மாதம். எனக்குக் கிடைத்த விடுப்பே இரண்டு மாதம். கையெழுத்தே வாங்கிவிடுகிறேன் என்றேன்.

இன்னொரு விதியும் இருந்தது. பேட்டியால் மனம் சஞ்சலப்படுகிறவர்கள் தொடர்புகொள்ள உள்ளூரில் ஒருவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் படிவத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் மனம் சஞ்சலப்பட்டால் யாருக்குப் போன் செய்வார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். யாருக்கும் செய்ய மாட்டார்கள், நேராக சரோஜா வீட்டுக்குப் போவார்கள். அக்கா தையல் தைப்பாள், மகளிர் குழு நடத்துவாள், மனு எழுதித் தருவாள். அவள் பெயரையும் வீட்டு எண்ணையும் போட்டேன். நெறிமுறைக் குழு மிகவும் திருப்தியடைந்தது.

படிவத்தைத் தமிழாக்கியதும் நானே. 'தாங்கள் எந்நேரமும் எவ்விதக் காரணமும் கூறாது இவ்வாய்விலிருந்து விலகிக்கொள்ளலாம்' என்றெல்லாம் எழுதினேன். தண்டலத்தில் கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்தபோது கடைக்காரர் ஒரு பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "கோர்ட்டு மேட்டரா சார்?" என்று கேட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

4

நான் போய் இறங்கிய வாரம் அக்கா ஒரு செய்தி வைத்திருந்தாள். தலைவர் பதவிக்கு நிற்கப் போகிறாள்.

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஐந்து வருஷமாகத் தலைவர் கமலா. கையெழுத்து மட்டும் கமலாவுடையது, மற்றதெல்லாம் அவர் புருஷன் தனசேகர். தனசேகர் நிலத் தரகர். ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயில் யாரோ லாரி லாரியாக மண் கொட்டி மூடியபோது அக்கா போய்க் கேட்டிருக்கிறாள். தலைவர் சமையலில் இருக்கிறார், என்னிடம் சொல் என்றாராம் தனசேகர். அன்றைக்கே அக்கா முடிவெடுத்துவிட்டாள். சின்னமாகக் கத்தரிக்கோல் கிடைத்ததும் தையல்காரிக்கு அதைவிட என்ன வேண்டும் என்று குழுப் பெண்கள் கொண்டாடினார்கள்.

படிவத்தில் அக்கா பெயர் இருப்பது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. வேட்பாளரின் பெயர் அதில் இருக்கக் கூடாது. மாற்ற வேண்டுமென்றால் குழுவின் மறு அனுமதி வேண்டும், ஆறு வாரம் ஆகும். தேர்தலோ நாலு வாரத்தில். இரண்டு பக்கப் படிவத்தின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும் பெயரை யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன்.

வீடு வீடாகப் போனேன். அக்கா வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவரிடம் முதலில் பேசினேன். "நம்ம ஓட்டு ஊர்லல்லா கெடக்கு சார்" என்று சிரித்தார். இங்கே ஆள் உண்டு, ஓட்டு இல்லை. என் நிலைமையும் அதுதானே என்று நானும் சிரித்தேன். அவரையும் படிவத்தில் கையெழுத்துப் போடவைத்தேன்.

அடுத்து முனுசாமி அண்ணன். முக்கால் ஏக்கரை இழந்து, மீதி முக்கால் ஏக்கரில் கத்திரி போட்டிருந்தவர். படிவத்தைக் கையில் வாங்காமலே பார்த்தார்.

"தம்பி, வாயால சொல்றேன், எழுதிக்கோ. கையெழுத்து இன்னாத்துக்கு? போன வருசம் ஒர்த்தன் வந்தான். சும்மா ஒரு கையெழுத்து, அட்வான்சுக்குன்னான். போட்டேன். அப்பால பாத்தா பவராம். எடம் பூடிச்சி."

நிலத்தை விற்கும் அதிகாரத்தையே இன்னொருவருக்கு எழுதிக்கொடுப்பதற்கு அங்கே பவர் என்று பெயர். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே மனிதர்கள் கையை மடக்கிக்கொள்வார்கள். எனக்கு அது தெரியும். அதைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருந்தேன்.

"இது உங்க பாதுகாப்புக்குண்ணா" என்றேன்.

"சரோஜா தம்பியாச்சேன்னு போட்றேன்" என்றார். அப்படித்தான் அறுபத்திரண்டு பேரும் போட்டார்கள். அக்காவின் பெயரைச் செலவழித்து நான் கையெழுத்துச் சேகரித்தேன்.

5

தேர்தலுக்கு எட்டு நாள் இருக்கும்போது தனசேகர் டீக்கடையில் என் படிவம் ஒன்றைக் காட்டியிருக்கிறார். யாரிடம் வாங்கினார் என்று தெரியாது. மாமா வந்து சொன்னார்.

"சரோஜா தம்பி ஃபாரின் கம்பெனிக்கு எடம் புடிக்கிறான், ஊர்ல பாதி பேருகிட்ட கையெழுத்து வாங்கினு கீறான்னு சொல்றான் மாப்ள. கடைசில யாரு ஃபோன் நம்பரு கீதுன்னு பாருங்கன்னு படிச்சே காட்டிட்டான்."

ஊரிலேயே அதிகமாகப் பவர் எழுதி வாங்கிய மனிதர் பவரைப் பற்றி எச்சரித்தார். எல்லோரும் நம்பினார்கள். தொழில் தெரிந்தவர் சொல்கிறாரே.

மறுநாள் முனுசாமி அண்ணன் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றார். "தம்பி, நான் வெலகிக்கிறேன். எங்காயிதத்தக் குட்த்துடு" என்றார். எந்நேரமும் விலகலாம் என்று நான் எழுதியதை அவருடைய மகள் படித்துச் சொல்லியிருக்கிறாள். தாராளமாக விலகலாம், ஆனால் தாள் என்னிடம்தான் இருக்கும் என்று விளக்கினேன். அவர் என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள். "இன்னாடா இது? எல்லாக் காயிதத்தையும் எடுத்துனு போய் அவங்கவங்க கையில திருப்பிக் குட்த்துடு. நானும் கூட வர்றேன். இன்னிக்கே."

முடியாது என்றேன். கையெழுத்திட்ட படிவங்களை ஏழு வருஷம் பூட்டிய அலமாரியில் வைத்திருக்க வேண்டும், அது விதி. படிவம் இல்லாவிட்டால் பேட்டி செல்லாது. பங்கேற்றவர்களின் பாதுகாப்பு முக்கியம். வகுப்பில் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"யாருக்குடா பாதுகாப்பு?" என்றாள்.

அவரவர் தாளை அவரவரிடமே கொடுப்பதால் யாருடைய ரகசியமும் வெளியே போகாது. அது அப்போதே எனக்குத் தெரியும். என் நிரந்தரம்தான் போகும். அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் விதியைச் சொன்னேன். போதாததற்கு ஆறுதல் வேறு. "இதுக்கெல்லாம் ஓட்டு மாறாதுக்கா. நான் தெருத் தெருவா கணக்குப் பாத்துட்டேன். நீ ஜெயிச்சிடுவே."

அவள் திரும்பக் கேட்கவில்லை. மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

ஓட்டு எண்ணிக்கை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. தலைவர் பதவிக்கு ரோஸ் நிறச் சீட்டு. அக்காவும் அவளுடைய முகவராக மாமாவும் உள்ளே போனார்கள். நான் கேட்டுக்கு வெளியே, கையில் குறிப்பேட்டோடு. பத்தொன்பது ஓட்டில் அக்கா தோற்றாள். வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "சாப்டியா?" என்று கேட்டாள்.

கால்வாய் மூடினது மூடினதுதான். இப்போது அதன்மேல் லாரிகள் நிற்கின்றன.

6

கட்டுரை நன்றாக வந்தது. கமலாவின் பக்கம் இருந்த உறவு பலம், பண பலம், அக்கா பக்கத்துப் பெண்களின் வேலை நேரம் என்று எல்லாவற்றையும் அட்டவணை போட்டேன். ஓர் அடிக்குறிப்பில் 'உள்ளூர் வதந்திகளும் பங்காற்றியிருக்கலாம்' என்றேன். கட்டுரையை மதிப்பிட்டவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்: இந்த வதந்தியின் மூலம் என்ன?

'அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது' என்று பதில் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வருஷம் நிரந்தரமானேன். துறையில் கேக் வெட்டினார்கள், அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "நல்லாருடா" என்றாள். உண்மையாகவே சொன்னாள், அதுதான் தாங்க முடியவில்லை.

அதன்பிறகும் மாதம் ஒருமுறை பேசிக்கொள்கிறோம். மழை, மாமாவின் சர்க்கரை, யாழினியின் உயரம். தேர்தல் என்ற சொல் மட்டும் எங்கள் இருவர் வாயிலும் வந்ததில்லை.

7

சனிக்கிழமை சாயங்காலம், ஊரில் ஞாயிறு காலை. தொலைபேசியை எல்லோரும் கேட்கும்படி மேசையில் வைத்து யாழினி பேட்டியைத் தொடங்கினாள். அவள் தமிழ் இப்போதெல்லாம் வாடகை வீட்டில் குடியிருப்பதுபோல்தான் இருக்கிறது, எந்தச் சொல்லும் நிலையாகத் தங்குவதில்லை. அன்று மட்டும் கேள்விகளை முன்கூட்டியே அம்மாவிடம் கேட்டுத் தமிழில் எழுதி வைத்திருந்தாள்.

"அத்தை, நீங்க எதுக்கு எலெக்‌ஷன்ல நின்னீங்க?"

"ஏரிக்கு வர்ற கால்வாய மண்ணக் கொட்டி மூடிட்டாங்க கண்ணு. கேக்கப் போனா, தலைவரு சமையல்ல கீறாங்கன்னாங்க. சமையல் நானுந்தான் செய்றேன். செஞ்சிக்கினே கேள்வியும் கேக்கலாமேன்னு நின்னேன்."

யாழினி வேகமாக எழுதினாள். நான் எதிரே உட்கார்ந்து, ஒன்றும் இல்லாத செய்தித்தாளைப் படித்தேன்.

"ஏன் தோத்துட்டீங்க?"

பண பலம் என்று அக்கா சொல்லிவிடுவாள், நானும் அதைத்தானே எழுதினேன் என்று காத்திருந்தேன்.

"பத்தொம்போது பேருக்கு எம்மேல நம்பிக்க பூடிச்சி கண்ணு."

"ஏன் போச்சு?"

"அத உங்கப்பாவக் கேளு. அதான அவன் படிப்பு."

யாழினி என்னைப் பார்த்தாள். மல்லிகாவும் பார்த்தாள். நான் செய்தித்தாளைத் திருப்பினேன்.

கடைசியில் கையெழுத்து விஷயம் வந்தது. படிவத்தைத் தபாலில் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்றாள் யாழினி.

"போட மாட்டேன் கண்ணு. கோச்சிக்காத. உங்கப்பாகிட்ட எங்க ஊரு சனங்களோட கையெழுத்து அறுபத்திரண்டு கீது. அதயெல்லாம் எடுத்துனு வந்து அவங்கவங்க கையில குடுக்கச் சொல்லு. அப்பால நான் போட்றேன்."

நான் போனை எடுத்தேன். "எப்படி இருக்கேக்கா?" என்றேன்.

"நல்லாகீறேன். அடுத்த வருசம் மறுபடி நிக்கிறேன்."

"அடுத்த தடவை பெண்களுக்குன்னு ஒதுக்க மாட்டாங்களே. பொதுவா ஆக்கிடுவாங்க."

"ஆக்கட்டுமே. பொதுன்னா பொம்பள நிக்கக் கூடாதுன்னா கீது? உன் புக்குல அப்பிடியா போட்டுகீது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "முனுசாமி அண்ணன் இன்னும் எங்கிட்ட மொகம் குட்த்துப் பேசறதில்லடா. அவுரு தாளு உங்கிட்ட இருக்கறப்ப நான் எப்பிடி அவுரு வாசல்ல போய் ஓட்டு கேக்கறது?"

நாலு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். அதுவும் இரண்டாவது தடவையாக.

8

திங்கட்கிழமை நெறிமுறைக் குழு அலுவலகத்துக்குப் போனேன். படிவங்களை அவற்றில் கையெழுத்திட்டவர்களிடமே திருப்பிக் கொடுக்க விரும்புகிறேன் என்றேன். அங்கிருந்த அம்மையார் நல்லவர். இப்படி இதுவரை யாரும் கேட்டதில்லை, இதற்குப் படிவம் இல்லை, ஒன்று தயாரிக்கச் சொல்லி எழுதுகிறேன் என்றார். ஏழு வருஷம் முடிய இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதே, அதுவரை பொறுக்க முடியாதா என்றும் கேட்டார்.

என் அறைக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். அறுபத்திரண்டு தாளும் வைத்தது வைத்தபடி இருந்தன. முனுசாமி அண்ணன் தன் பெயரைக் கோட்டுக்கு மேலே, ஒவ்வொரு எழுத்தாக, பேனாவை அழுத்தி எழுதியிருந்தார். மறுபக்கத்தில் தடவினால் விரலுக்குத் தெரிகிறது. எல்லாவற்றையும் உறையில் போட்டுக்கொண்டேன். விதியை மீறுகிறேன் என்று குழுவுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுத்தான் எடுத்தேன். அந்தப் பேட்டிகளை வைத்து எழுதிய கட்டுரையை என்ன செய்வார்கள் என்று தெரியாது. செய்யட்டும்.

வீட்டுக்கு வந்தால் யாழினியின் படிவம் பள்ளியிலிருந்து திரும்பி வந்திருந்தது. கையெழுத்துக்கான கோட்டுக்குக் கீழே அவள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்: 'என் அத்தை கையெழுத்துப் போட மாட்டார். காரணத்தை என் அப்பாவிடம் கேட்கவும்.' ஆசிரியை அதன் அருகே, தந்தை விளக்கம் தரவும் என்று எழுதி, பதிலுக்கு மூன்று கோடு போட்டு அனுப்பியிருந்தார்.

மதிப்பிட்டவர் கேட்ட அதே கேள்வி. எல்லைக்கு அப்பாற்பட்டது என்று ஏழாம் வகுப்பு ஆசிரியையிடம் சொல்ல முடியாது. பேனாவை எடுத்து எழுதினேன்: 'கையெழுத்துப் போட எங்கள் ஊர்க்காரர்கள் எவ்வளவு பயப்படுவார்கள் என்று தெரிந்தும் வாங்கியது நான். திருப்பிக் கொடு என்று என் அக்கா கேட்டபோது மறுத்ததும் நான். அதனால் அவர் தோற்றார்.' மூன்று கோடும் சரியாக இருந்தது. யாழினி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். உள்ளே போனாள், பிறகு வந்து தானும் ஊருக்கு வருவதாகச் சொன்னாள்.

பொங்கலுக்குக் கிளம்புகிறோம். ஒவ்வொரு வாசலாக அக்கா கூட வருவாளாம். நான் தாளைக் கொடுக்க வேண்டும், அவள் பேசாமல் நிற்பாளாம். பெட்டியில் முதலில் அந்த உறையைத்தான் வைத்தேன். அதன்மேல் யாழினி தன் படிவத்தின் புதுப் பிரதி ஒன்றை வைத்தாள்.

"முனுசாமி பெரியப்பா மறுபடி அத்தைகூடப் பேசுவாராப்பா?" என்று கேட்டாள்.

ஊர் மனசைக் கணித்து அக்காவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை தெரியாது என்று சொன்னேன்.